என்ன ஊசி போட்டார்கள்?

வைட்டமின் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று உறவினர்கள் கேட்கும்போது என்னால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. எங்கள் குடும்பத்தில் இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. மாமாக்களும் அத்தைகளும் நிறைந்த பெரிய கட்சிக்குச் சோர்வு, முதுகுவலி, பசியின்மை, தலைசுற்றல், காய்ச்சலுக்குப் பிந்தைய தளர்ச்சி என எதுவாக இருந்தாலும் இடுப்பில் ஒரு சத்து ஊசி போட்டால் தீர்ந்துவிடும். மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பும் மருத்துவர் அவர்களைப் பொறுத்தவரை கைராசி இல்லாதவர். என் தலைமுறையில் படித்தவர்கள் சிலருக்கு நேர் எதிரான உறுதி. பி காம்ப்ளெக்ஸ் ஊசி என்பதே நோயாளியைத் திருப்திப்படுத்தி அனுப்பும் ஏற்பாடு, உள்ளே போனது அன்று மாலையே சிறுநீரில் மஞ்சளாக வெளியேறிவிடும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்பார்கள். இரண்டு பேச்சையும் கேட்டு வளர்ந்த எனக்கு, பெரியம்மாவுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு இரண்டு பக்கமும் நிற்க முடியவில்லை. அவருக்கு வைட்டமின் ஊசி தேவைப்பட்டது. உயிர்நாடியான தேவை அது. ஆனால் அதே ஊசி, போட வேண்டிய முறையில் போடப்படாமல், அவருடைய நோயைப் பல மாதங்கள் மறைத்தும் வைத்தது. ஒரே மருந்து ஒரே மனிதருக்கு இரண்டையும் செய்தது எப்படி என்பதை எழுதினால்தான் எனக்கு இந்த விஷயம் தெளிவாகும் என்று தோன்றுகிறது.

பாதத்தில் தொடங்கியது

பெரியம்மா கும்பகோணத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்ததிலிருந்து சைவம். சளி பிடிக்கும் என்ற பயத்தில் தயிரை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. காலையில் ஒரு காபிக்குள் போகும் பால்தான் அவர் உடம்புக்குள் போகும் பால். பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அதோடு, நெஞ்செரிச்சலுக்காக எப்போதோ எழுதிக்கொடுக்கப்பட்ட, காலையில் வெறும் வயிற்றில் போடும் அந்தச் சின்ன மாத்திரையையும் யாரும் நிறுத்தச் சொல்லாததால் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தார். இதைப் படிக்கும் பலருடைய வீட்டிலும் இதே மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் என்பதால்தான் இவற்றை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பாதம் எரிந்தது. பிறகு மதமதப்பு. வாசலில் நடந்துபோகும்போது ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். நாலு அடி தள்ளிப் போன பிறகுதான் அவருக்குத் தெரியும். முகம் கழுவச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அதனால் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டே மறு கையால் முகம் கழுவப் பழகியிருந்தார். இவற்றில் எதையும் அவர் நோய் என்று நினைக்கவில்லை. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் எரியத்தான் செய்யும், வயதானால் தடுமாறத்தான் செய்யும் என்று சுற்றியிருந்த எல்லோரும் சொன்னோம்.

தெருமுனையில் மாலை நேரத்தில் கூட்டம் வழியும் கிளினிக் ஒன்றில், சோர்வாக இருக்கிறது என்று போகும்போதெல்லாம் அவருக்கு ஊசி போட்டார்கள். எவர்சில்வர் தட்டில் இருந்து ஒரு பழுப்புக் கண்ணாடி ஆம்பூலை எடுத்துக் கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் இழுத்து, இடுப்பில் போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவார்கள். சீட்டு கிடையாது. கையில் கொடுப்பது மூன்று நாள் மாத்திரைப் பொட்டலம் மட்டும். பெரியம்மாவுக்கு அந்த ஊசி மேல் நம்பிக்கை இருந்தது. ஊசி போட்ட பிறகு சில நாள் தெம்பாக இருப்பதாகச் சொன்னார். அந்தத் தெம்பை மனப்பிரமை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்பதை நான் பின்னால்தான் புரிந்துகொண்டேன். உண்மையிலேயே வைட்டமின் பி12 குறைந்த உடம்புக்கு அது கிடைத்தால், ரத்த எண்ணிக்கை உயரத் தொடங்குவதற்கு முன்பே, ஓரிரு நாளில் நோயாளி தெளிவாக உணர்வது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த ஒன்று. அவருடைய உடம்பு ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊசி போட்டவர்களுக்கு அதைக் கேட்கும் வழக்கம் இல்லை.

தஞ்சாவூரில் ஒரு மதியம்

ஒரு நாள் குளியலறையில் விழுந்து கை மணிக்கட்டு பிசகிய பிறகுதான் தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். போவதற்கு முன்பே குடும்பத்தில் விவரம் தெரிந்த ஒருவர் சொன்னதால் பி12 அளவு பார்க்க ரத்தம் கொடுத்து அறிக்கையும் வாங்கி வைத்திருந்தோம். அளவு 2000-க்கு மேல் என்று இருந்தது. இயல்பான அளவின் மேல் எல்லையே 900-ஐ ஒட்டித்தான் என்று அறிக்கையின் ஓரத்தில் அச்சாகியிருந்தது. ஆகவே பி12 குறைபாடு இல்லை, இது சர்க்கரையால் வந்த நரம்புத் தளர்ச்சிதான் என்ற முடிவோடு நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மருத்துவர் அறிக்கையை உடனே பார்க்கவில்லை. பெரியம்மாவின் கையைப் புறங்கை மேலாகத் திருப்பி விரல் முட்டிகளைப் பார்த்தார். மற்ற தோலைவிட அவை நன்றாகக் கறுத்திருந்தன. நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு வழவழப்பாக, மேல் சொரசொரப்பு இல்லாமல் இருந்தது. பிறகு ஒரு இசைக்கவையை மேசை விளிம்பில் தட்டி அதன் அடிப்பகுதியைக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, “அதிர்வு தெரியுதாம்மா?” என்று கேட்டார். பெரியம்மா, “ஏதோ வெச்சிருக்கீங்கன்னு தெரியுது, அதிர்வு ஒண்ணும் தெரியலையே டாக்டர்” என்றார். கணுக்காலில் வைத்தார்; தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே வைத்தார், லேசாகத் தெரிந்தது. அதே கவையைக் கை விரலில் வைத்தபோது பெரியம்மா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார், அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. கடைசியாகப் பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். மூடிய மறுகணம் அவர் சாய்ந்தார். மருத்துவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தயாராக நின்றிருந்ததால் தாங்கிக்கொண்டார். சோப்பு போடும்போது குழாயைப் பிடித்துக்கொள்வார் என்று நான் அப்போதுதான் சொன்னேன். அவர் தலையசைத்தார். நம் கால் எங்கே இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் நரம்புப் பாதை தண்டுவடத்தின் பின்பக்கமாகப் போகிறது, அந்தப் பாதை பழுதானவர்கள் கண்ணால் பார்த்துத்தான் நிற்கிறார்கள், கண்ணை மூடினால் தரை இல்லாமல் போய்விடும் என்றார்.

அதற்குப் பிறகுதான் அறிக்கையை எடுத்தார். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “சமீபத்துல சத்து ஊசி ஏதாவது போட்டீங்களா? என்ன ஊசி போட்டாங்க?”

பெரியம்மாவுக்குப் பெயர் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய வாரம் கூட ஒன்று போட்டதாக மட்டும் அவர் சொன்னார். மருத்துவர் சற்று யோசித்து, “என்ன நிறம்னு பாத்தீங்களா?” என்றார். “சிவப்பு” என்றார் பெரியம்மா, “ரோஸ் கலரு மாதிரி.” பி12-இன் மூலக்கூறு நடுவில் கோபால்ட் இருக்கிறது, அந்த மருந்துக்குச் சிவப்பு நிறம் வருவது அதனால்தான். வெறும் மஞ்சளாக இருந்திருந்தால் அது ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினின் நிறம். ஒரு நோயாளியின் உடம்புக்குள் என்ன மருந்து போனது என்பதை, அவர் ஓரக்கண்ணால் பார்த்த நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. “அப்படின்னா இந்த எண்ணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தம் இது. ஊசியில இருந்ததைத்தான் இது காட்டுது, உங்க உடம்புல இருந்ததை இல்ல” என்றார்.

பெரியம்மாவின் பிளாஸ்டிக் கோப்பில் பழைய அறிக்கைகள் எல்லாம் இருந்தன, நல்லவேளையாக. அவற்றைப் புரட்டி, ஊசிகள் தொடங்குவதற்கு முன் எடுத்த ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையை மருத்துவர் வெளியே எடுத்தார். ஹீமோகுளோபின் 10.6. அதைப் பார்த்து அப்போது இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் அமிலமும் கொடுத்திருந்தார்கள். மருத்துவர் தன் பேனாவால் சுழித்தது அதற்கு நாலு வரி கீழே இருந்த எம்சிவி என்ற வரியை; சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80 முதல் 100 வரை இருக்க வேண்டியது 109 என்று இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்துப் போகும். பி12 அல்லது ஃபோலேட் (ஃபோலிக் அமில மாத்திரை தரும் சத்து) குறைந்தால் பருத்துப் போகும். பருத்த அணுவுக்கு இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கூடவே கொடுத்த ஃபோலிக் அமிலம் இன்னும் சிக்கலானது: பி12 குறைந்த ஒருவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை தேறிவிடலாம், ஆனால் நரம்பு தொடர்ந்து பழுதாகிக்கொண்டே போகும். வெளியே தெரியும் அடையாளம் அழிந்து, உள்ளே நடப்பது மட்டும் நடந்துகொண்டிருக்கும். ஃபோலிக் அமிலம் ஒரு தடயத்தை அழித்தது, பெயர் தெரியாத ஊசி இன்னொரு தடயத்தை அழித்தது. மிஞ்சியது ஓராண்டுக்கு முந்தைய அந்த ஒரு வரி.

வயிற்றுக்குத் தெரியாத வழி

பி12 ஏன் ஊசியாக வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1920-கள் வரை பெர்னீஷியஸ் அனீமியா என்ற ரத்தசோகை வந்தவர்கள் பிழைப்பதில்லை. 1926-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி என்ற இரண்டு மருத்துவர்கள், தினமும் கால் கிலோ வரை ஈரல் சாப்பிட வைத்தால் இந்த நோயாளிகள் எழுந்து உட்காருகிறார்கள் என்று காட்டினார்கள். அதற்கு முன்பே நாய்களிடம் ஈரலின் பயனை ஆராய்ந்த ஜார்ஜ் விப்பிளோடு சேர்த்து 1934-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அரைவேக்காட்டு ஈரலை நாள் தவறாமல் சாப்பிடுவது சாகக் கிடக்கும் மனிதருக்கு எளிதா? ஈரல் சாற்றை ஊசியில் ஏற்றத் தொடங்கியதே அந்தக் கஷ்டத்திலிருந்துதான். வில்லியம் காசில் என்பவர் இன்னும் ஆழமான கேள்வியைக் கேட்டார்: நாம் எல்லோரும் தினமும் அவ்வளவு ஈரல் சாப்பிடாமலேயே நன்றாக இருக்கிறோமே, இவர்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது? ஆரோக்கியமான வயிறு ஒரு பொருளைச் சுரக்கிறது, அது இல்லாவிட்டால் உணவில் இருப்பதை உடம்பு எடுத்துக்கொள்ள முடியாது என்று அவர் கண்டறிந்தார். 1948-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியாக இரண்டு குழுக்கள் ஈரலில் இருந்த அந்த மருந்தின் சிவப்புப் படிகங்களைப் பிரித்தெடுத்தன. அதுதான் பி12.

நம் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 சுமார் 2 மைக்ரோகிராம்தான். ஈரலில் இரண்டு மூன்று ஆயிரம் மைக்ரோகிராம் சேமிப்பு இருக்கும். ஆகவே வரத்து நின்றுபோனாலும் அது தெரியவர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகலாம். உணவில் வரும் பி12, வயிற்றின் அமிலத்தால் புரதத்திலிருந்து பிரிந்து, வயிறு சுரக்கும் அந்தப் பொருளோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டும். இந்த நீண்ட வழியில் எந்த இடத்தில் தடை வந்தாலும் சேமிப்பு கரையத் தொடங்கும். பெரியம்மாவுக்கு வழி நெடுகத் தடைகள் இருந்தன. பி12 செடி கொடிகளில் கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. அவர் பாலையும் ஏறக்குறைய விட்டுவிட்டார். வெறும் வயிற்று மாத்திரை அமிலத்தைக் குறைத்தது. மெட்ஃபார்மின் குடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சுவதைக் குறைத்தது. நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு, அதிலும் ரத்தசோகையோ பாத எரிச்சலோ இருந்தால், அவ்வப்போது பி12 அளவைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. நம் ஊரில் சர்க்கரை நோயாளி பாதம் எரிகிறது என்றால் மறுபேச்சில்லாமல் சர்க்கரையின் மேல் பழி போடப்படுகிறது. சர்க்கரை நரம்பைப் பழுதாக்கும் என்பது உண்மைதான். அதனாலேயே, பக்கத்தில் நிற்கும் இன்னொரு காரணத்தை யாரும் தேடுவதில்லை.

இது புதிதாகத் தெரிந்த சங்கதியும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 1962-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பி12 குறைந்த தாய்மார்களிடம் தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகள் சிலர், தவழ்ந்ததும் சிரித்ததும் மறந்து, சுற்றுப்புறத்தில் நாட்டமில்லாமல், புறங்கையும் புறங்காலும் கறுத்துப்போய் வந்ததை அவர்கள் விவரித்திருந்தார்கள். பி12 கொடுத்ததும் அந்தக் குழந்தைகள் தேறினார்கள். பெரியம்மாவின் கறுத்த முட்டிகளை மருத்துவர் பார்த்தது அந்த அறிவின் தொடர்ச்சிதான். நம் மண்ணில், நம் குழந்தைகளிடம் கண்டறியப்பட்ட அடையாளம் அது. அறுபது ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு முறையாகச் சிகிச்சை தொடங்கியது. 1000 மைக்ரோகிராம் ஊசி, முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. கிளினிக்கில் போட்டதும் அனேகமாக இதே மருந்துதான். ஆனால் அங்கே எப்போதாவது ஒன்று, கணக்கில்லாமல், காரணம் எழுதப்படாமல் போடப்பட்டது. ரத்த அளவை உயர்த்திக் காட்ட அது போதும், பழுதான நரம்பை மீட்கப் போதாது.

ஊசி யாருக்கு, மாத்திரை யாருக்கு

வைட்டமின் ஊசியே மோசடி என்று சொல்பவர்களிடம் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். குடல் வழி அடைபட்டவருக்கு ஊசி உயிர் காக்கும் மருந்து. வயிற்றையோ சிறுகுடலின் கடைசிப் பகுதியையோ அறுவை சிகிச்சையில் இழந்தவர்களுக்கும், பெர்னீஷியஸ் அனீமியா உள்ளவர்களுக்கும், நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும் பி12 ஊசியில் தொடங்குவதே முறை. அளவு மீறிக் குடித்துச் சாப்பாட்டை மறந்தவர்கள் மயங்கிய நிலையில் அவசரப் பிரிவுக்கு வரும்போது, தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியைத் தள்ளிப்போட்டுவிட்டுக் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குச் சேதம் வரலாம். பிறந்த குழந்தைக்குத் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி இன்னொன்று. தாயின் உடம்பிலிருந்து குழந்தைக்கு வைட்டமின் கே மிகக் குறைவாகவே போகிறது, தாய்ப்பாலிலும் குறைவு. அதனால் சில குழந்தைகளுக்கு முதல் வாரங்களில் மூளைக்குள் கூட ரத்தம் கசியும். 1 மில்லிகிராம் ஊசி ஒன்று அதைத் தடுத்துவிடுகிறது. பேறுகால அறையில் அம்மாவின் கண்ணில் கூடப் படாமல் போடப்படும் அந்த ஒரு ஊசியை விடப் பயனுள்ள வைட்டமின் ஊசி இருக்க முடியாது. யாரும் அதைக் கேட்டு வாங்கிப் போடுவதில்லை. யாரும் அதற்காகக் கிளினிக் வாசலில் வரிசையில் நிற்பதில்லை.

வரிசையில் நிற்பது வேறொன்றுக்காக. சோர்வுக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு, அதில் ஒரு மஞ்சள் ஆம்பூலைக் கலந்துவிடச் சொல்கிறார்கள். 5 சதவீத குளுக்கோஸ் 500 மில்லி பாட்டில் ஒன்றில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. வாய் வழியாகச் சாப்பிட முடிகிற ஒருவருக்கு அதை ரத்தநாளம் வழியாக ஏற்றுவதில் என்ன நன்மை? நகரங்களில் இப்போது முகப் பொலிவுக்கென்று வைட்டமின் சி சொட்டு ஏற்றும் இடங்களும் வந்துவிட்டன. அதிக அளவு வைட்டமின் சி-யை ரத்தநாளத்தில் ஏற்றினால் சிலருக்குச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் என்ற உப்பு படியும். ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடையும். அந்த இடங்களில் இதையெல்லாம் பரிசோதித்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் படுங்கள்.

வைட்டமின் டி ஊசியைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரே ஊசியில் 6 லட்சம் யூனிட். வளர்ந்தவருக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட் என்று கொண்டால், ஆயிரம் நாளுக்கான அளவு ஒரே நாளில் இடுப்புத் தசைக்குள் போகிறது. பி வைட்டமின்களைப் போல மிச்சம் சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் தங்கிவிடும். மூட்டு வலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இதை வாரா வாரம் போட்டுக்கொண்டவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பழுது வரை போயிருக்கிறது. ஊசி வேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வாய் வழியாகக் கொடுத்தால் என்ன என்று ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். ஒரே தடவையில் 5 லட்சம் யூனிட் கொடுக்கப்பட்டவர்கள் கொடுக்கப்படாதவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள், அவர்களுக்கு எலும்பும் அதிகமாக முறிந்தது. 2010-இல் வெளிவந்த முடிவு அது. எலும்பைக் காக்கக் கொடுத்த மருந்து அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வைட்டமின் என்றால் அதிகமானாலும் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஊசி என்றால்தான் வேலை செய்யும் என்பதும் உண்மை இல்லை. 1990-இல் திருச்சி மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. பள்ளி வயதுக்கு வராத குழந்தைகளுக்கு வாரம் ஒரு முறை, சாதாரண உணவில் கிடைக்கக்கூடிய அளவு வைட்டமின் ஏ, வாயில் சொட்டாக விடப்பட்டது. குழந்தை இறப்பு பாதிக்கும் கீழே போனது. ஊசியே இல்லாமல், சிரிஞ்சே இல்லாமல், நம் கிராமங்களில் நடந்தது அது. பி12-க்கும் இதே வாய்வழி உண்டு. வயிறு சுரக்கும் அந்தப் பொருள் அறவே இல்லாதவருக்குக் கூட, வாய் வழியாகப் போகும் பி12-இல் நூற்றுக்கு ஒரு பங்கு குடல் சுவர் வழியே தானாக ஊறி உள்ளே போகும். 1000 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றில் அது 10 மைக்ரோகிராம். அன்றாடத் தேவையைப் போல ஐந்து மடங்கு. நரம்பு பாதிக்கப்படாமல் வெறும் குறைபாடு மட்டும் இருக்கும் பலருக்கு மாத்திரையே போதும்.

சிரிஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் பாதுகாப்பற்ற ஊசிகளால் 2.1 கோடிப் பேருக்கு ஹெப்படைடிஸ் பி என்ற ஈரல் நோய் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. குஜராத்தின் மோடாசாவில் 2009-இல் ஒரே ஊரில் பலர் ஹெப்படைடிஸ் பி-யில் இறந்ததற்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்ட சிரிஞ்சுகள்தான் காரணம் என்று தெரியவந்தது. நிலைமை அன்றைக்கு இருந்தது போல் இன்று இல்லை. என்றாலும், தேவையில்லாத ஊசி என்பது பயன் இல்லாத ஊசி மட்டும் அல்ல. அதில் ஒரு துளி அபாயம் எப்போதும் உண்டு, அந்த அபாயத்தை ஏற்க ஒரு காரணம் வேண்டும்.

சீட்டில் ஒரு வரி

பெரியம்மாவுக்குப் பாத எரிச்சல் சில மாதங்களில் குறைந்துவிட்டது. கண்ணை மூடி நிற்கிறார், லேசாக ஆடினாலும் சாயவில்லை. கணுக்காலில் இசைக்கவையின் அதிர்வு மீண்டும் தெரிகிறது. கால் விரலில் இன்னும் இல்லை, அது திரும்பாமலேயே போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நரம்பு எவ்வளவு காலம் பட்டினி கிடந்ததோ, அதைப் பொறுத்துத்தான் மீட்சி. வெறும் வயிற்று மாத்திரை நிறுத்தப்பட்டது. மெட்ஃபார்மின் தொடர்கிறது, அது அவருக்குத் தேவை. எம்சிவி 91-க்கு வந்துவிட்டது. அடுத்த பரிசோதனையும் சரியாக இருந்தால் மாத ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று போன முறை சொன்னார் மருத்துவர். “அப்பாடா, இடுப்பு பொழச்சுது” என்றார் பெரியம்மா.

சோர்ந்து போகிறவர்களைப் பார்த்து ஊசியைக் கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுக்க வயலிலும் தறியிலும் கடையிலும் நின்றுவிட்டு மாலையில் கிளினிக்குக்கு வருகிறவர் மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும்; அவருக்கு உடனே தெம்பு வேண்டும் என்பதில் தவறு என்ன இருக்கிறது? நான் கேட்பது ஊசி போடுகிறவர்களிடம். முதல் ஊசிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுங்கள், ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல் எம்சிவி-யையும் பாருங்கள். சர்க்கரை மாத்திரை எத்தனை ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். அது முடியாத இடம் என்றால், குறைந்தது போட்ட மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நோயாளியின் கையில் கொடுங்கள். ஆம்பூலின் மேல் அச்சடித்திருக்கும் பெயரைப் பார்த்து எழுத அரை நிமிடம் ஆகும். நோயாளியோடு கூட வந்தவர்கள் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும், கொடுக்கத் தயங்கினால் உடைத்த ஆம்பூலையே காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பி12 பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது அந்தச் சீட்டு கூடவே போக வேண்டும். கடைசி ஊசியின் தேதி தெரியாமல் அந்த அறிக்கையை எந்த மருத்துவராலும் படிக்க முடியாது.